நேர்காணல் குவியலிலிருந்து வரைபடம் வரை: பண்புசார் தரவைப் படமாக்கிப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பண்புசார் ஆய்வு என்றால் எண்களை விட்டுவிட்டு மனிதர்கள் சொன்னதை வைத்துச் செய்வது. நேர்காணல்கள் முடிந்து, எல்லாவற்றையும் தட்டெழுதி முடித்த மறுநாள் ஒரு திகைப்பு வரும். கையில் இருநூறு பக்கம் இருக்கும், சொல்வதற்கு ஒரு வரி இருக்காது. "படமாகப் போட்டுப் பாரேன்" என்று யாராவது சொல்வார்கள். புதிதாக வருபவர் உடனே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நடுவில் வட்டம் போட்டு, ஆய்வுத் தலைப்பை அதற்குள் எழுதி, சுற்றிலும் கிளைகள் இழுப்பார். ஒரு மணி நேரத்தில் அழகான படம் வந்துவிடும். அதில் இருப்பதெல்லாம் நேர்காணலுக்குப் போகும் முன்பே அவருக்குத் தெரிந்த விஷயங்கள்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன், பலர் செய்வதைப் பக்கத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன். வரையத் தெரியாதது இதற்குக் காரணமில்லை. வரிசை மாறிப்போவதுதான் காரணம். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். எல்லாப் படங்களும் எல்லா ஆய்வுக்கும் தேவைப்படாது. ஆனால் 2 முதல் 5 வரை உள்ளவற்றைத் தாண்டிக் குதிக்க முடியாது.

விளக்கத்துக்காக நானே அமைத்த ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போகிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோரையோ துணையையோ வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் 12 பேரிடம் எடுத்த நேர்காணல்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. எந்தக் கேள்விக்காக வரைகிறீர்கள்?

ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "இந்தப் படத்தைப் பார்த்து நான் … தெரிந்துகொள்ள வேண்டும்." இடைவெளியை நிரப்ப முடியவில்லை என்றால் வரைய இன்னும் நேரம் வரவில்லை.

கேள்வி மாறினால் படமும் மாறும். இவர்கள் என்னவெல்லாம் சொல்கிறார்கள் என்று பார்க்க அட்டைக் குவியல் போதும். எது எதோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்றால் கருத்து வரைபடம். யார் சொன்னார், யார் சொல்லவில்லை என்றால் கட்டம் போட்ட அட்டவணை. எது முதலில், எது அப்புறம் என்றால் காலக்கோடு. இந்தச் சூழலுக்குள் யார் யார், என்னென்ன இருக்கிறது என்றால் சூழல் வரைபடம். இத்தனையையும் ஒரே தாளில் திணித்தால் கடைசியில் சிலந்தி வலைதான் மிஞ்சும்.

நடுவில் வட்டம் போட்டுக் கிளைகள் இழுக்கும் மைண்ட் மேப் எங்கே என்று கேட்பீர்கள். அதில் ஒவ்வொரு கிளையும் ஒரே ஒரு தாய்க்கிளையில்தான் தொங்கும், பக்கத்துக் கிளையோடு பேசாது. குறிப்பெடுக்கவும் திட்டமிடவும் அது நல்ல கருவி. மனிதர்கள் சொன்னதைப் புரிந்துகொள்ள நான் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒருவர் சொன்ன ஒரு வரி இரண்டு மூன்று இடங்களில் ஒட்டத்தான் செய்யும்.

2. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

டிரான்ஸ்கிரிப்ட் (நேர்காணலைத் தட்டெழுதிய பிரதி) ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், உள்ளே வரிக்கு வரி எண். "நே-4, வரி 118" என்றால் நான்காவது நேர்காணல், 118ஆவது வரி. இந்த முகவரி இல்லாமல் ஓர் அட்டைகூட எழுதாதீர்கள். மூன்று வாரம் கழித்து "இதை யார் சொன்னார், எந்தப் பேச்சுக்கு நடுவில் சொன்னார்" என்று தேடும்போதுதான் அதன் அருமை தெரியும். வரி எண் போட்ட பிறகு டிரான்ஸ்கிரிப்டைத் திருத்தாதீர்கள். திருத்தினால் எண்கள் நகர்ந்து எல்லா அட்டைகளும் அநாதையாகிவிடும்.

பெயரையும் எண்ணையும் பொருத்தும் பட்டியல் தனிக் கோப்பில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும். சுவரில் ஒட்டும் அட்டையில் பெயர், ஊர், வேலையிடம் எதுவும் வரக் கூடாது. சுவரில் இருப்பதை அந்தப் பக்கம் போகிற எல்லோரும் படிப்பார்கள். இணையப் பலகையாக இருந்தால் இணைப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

ஒரு மெமோ நோட்டு வேண்டும். ஓர் அட்டையை இங்கிருந்து அங்கே நகர்த்தினால் ஏன் நகர்த்தினோம் என்று தேதியோடு இரண்டு வரி. ஆய்வின் உண்மையான சிந்தனை நடப்பது அந்த நகர்த்தலில்தான். படத்தில் அது தெரியாது, கடைசி நிலை மட்டும்தான் தெரியும்.

காகிதமா, கணினியா? முதல் சுற்றுக்கு என் ஓட்டு காகிதத்துக்கு. திரையில் முழுப்படத்தையும் பார்த்தால் எழுத்து தெரியாது, எழுத்தைப் பார்த்தால் முழுப்படம் தெரியாது. சுவர் என்றால் இரண்டடி பின்னால் வந்தால் போதும். அட்டைகள் முந்நூறைத் தாண்டினாலோ, குழுவில் ஒருவர் வேறு ஊரில் இருந்தாலோ மிரோ போன்ற இணையப் பலகைக்குப் போகலாம். என்விவோ, அட்லஸ் டிஐ, மேக்ஸ்க்யூடிஏ போன்ற பண்புசார் ஆய்வு மென்பொருள்களிலும் வரைபட வசதி உண்டு. படத்தில் உள்ள குறிச்சொல்லிலிருந்து (code) அதற்குரிய மூல வரிகளுக்குப் போக முடியும் என்பது அவற்றின் பெரிய பலம். ஆனால் எது எதோடு சேரும் என்ற முடிவை உங்கள் தலையிலிருந்து மென்பொருளுக்கு மாற்றிவிடாதீர்கள்.

3. இரண்டு வாசிப்பு முடியும் வரை வரையாதீர்கள்

முதல் வாசிப்பு ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே. சிரிப்பும் தயக்கமும் நீண்ட மௌனமும் எழுத்தில் பாதிதான் வந்திருக்கும். இரண்டாவது வாசிப்பு பென்சிலோடு.

ஒவ்வொரு நேர்காணலுக்கும் அரைப் பக்கத்தில் அந்த மனிதரின் கதையைச் சுருக்கி எழுதி வையுங்கள். அடுத்த படியில் அவர் பேச்சை இருபது துண்டாக வெட்டப்போகிறோம். வெட்டிய பிறகு முழு மனிதரைத் திரும்பப் பார்க்க இந்த அரைப் பக்கம்தான் வழி.

4. தரவை அட்டையாக்குதல்

படம் நன்றாக வருவதும் வராததும் இங்கேயே முடிவாகிவிடும். நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினாலும் தவறில்லை.

நே-4இல் ஒரு பகுதி இப்படி வருகிறது:

"அம்மா தூங்கினாலும் நான் தூங்கறதில்லை. ஒரு காது அங்கேயேதான் இருக்கும். அண்ணன் ஞாயித்துக்கிழமை வருவான். ஒரு மணி நேரம் உட்காருவான். 'உன்னை மாதிரி யாரும் பாத்துக்க முடியாது'ன்னு சொல்லிட்டுப் போவான். அப்படிச் சொன்ன பிறகு நீ ரெண்டு நாள் வந்து இருன்னு எப்படிக் கேக்கறது?"

புதிதாகச் செய்பவர் இதிலிருந்து இரண்டு அட்டை எழுதுவார்: "தூக்கமின்மை", "குடும்ப ஆதரவு". பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் இரண்டாவது அட்டை பொய். அண்ணன் வருகிறார், பேசுகிறார், பாராட்டுகிறார், அதனால் ஆதரவு என்று தோன்றிவிட்டது. பேசியவர் சொன்னது அதுவா?

நான் எழுதும் அட்டைகள் இப்படி இருக்கும்:

"அம்மா தூங்கும்போதும் ஒரு காதை அங்கேயே வைத்திருக்கிறார்" – நே-4, வரி 118.

"அண்ணன் வந்து பாராட்டிவிட்டுப் போகிறார், இரவு தங்குவதில்லை" – நே-4, வரி 121.

"பாராட்டிய பிறகு உதவி கேட்க வாய் வரவில்லை" – நே-4, வரி 124.

வித்தியாசம் வினைச்சொல்லில் இருக்கிறது. "தூக்கமின்மை" என்ற பெயர்ச்சொல் எந்த ஆய்வின் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். "ஒரு காதை அங்கேயே வைத்திருக்கிறார்" இந்த மனிதருடையது மட்டும். அட்டையில் வினை இருந்தால் யார் என்ன செய்கிறார் என்பது கூடவே வந்துவிடும். பின்னால் கோடு இழுக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

ஓர் அட்டைக்கு ஒரு விஷயம். "வந்து பாராட்டுகிறார், அதனால் கேட்க முடியவில்லை" என்று ஒரே அட்டையில் எழுதினால் அந்த "அதனால்" முன்கூட்டியே பூட்டப்பட்டுவிடும். அது இன்னும் சோதிக்காத ஓர் உறவு. இரண்டாகப் பிரித்து வைத்தால் மற்ற நேர்காணல்களில் பாராட்டு எங்கே போய் முடிகிறது என்று தனியாகப் பார்க்கலாம்.

பேசியவரின் சொல்லே கூர்மையாக இருந்தால் அப்படியே எடுத்து மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உங்கள் சுருக்கமும் அவர் சொல்லும் கலந்துவிடக் கூடாது. உங்களுக்குத் தோன்றிய விளக்கம் என்றால் வேறு நிற அட்டை. நிறத்தை இதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஆளுக்கு ஒரு நிறம், தலைப்புக்கு ஒரு நிறம் என்று ஆரம்பித்தால் நான்காவது நாள் எந்த நிறம் எதற்கு என்று யாருக்கும் நினைவிருக்காது.

எத்தனை அட்டை? ஒரு மணி நேர நேர்காணலுக்கு எனக்குப் பொதுவாக 15 முதல் 25 வரை வரும். ஐந்துதான் வந்தது என்றால் தலைப்புகளை எழுதியிருக்கிறீர்கள். எண்பது வந்தது என்றால் டிரான்ஸ்கிரிப்டை மறுபடி ஒருமுறை நகல் எடுத்திருக்கிறீர்கள்.

5. குவியல் போடுதல்

ஜப்பானிய இனவரைவியலாளர் ஜிரோ கவாகிதா கள ஆய்வுக் குறிப்புகளைச் சமாளிக்க உருவாக்கிய முறைதான் இதற்கு அடிப்படை. ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயரை முன்னால் வைத்து, அவர் பெயரின் முதலெழுத்துகளால் அதைக் கே.ஜே. முறை என்பார்கள். அஃபினிட்டி டயகிராம் என்ற பெயரில் பலருக்குப் பழக்கமாக இருக்கும்.

அட்டைகளை நன்றாகக் கலைத்துப் பரப்புங்கள். நேர்காணல் வரிசையிலேயே வைத்தால் ஒருவர் சொன்னதெல்லாம் ஒரே குவியலாகப் போய்விடும். அப்புறம் பேசாமல், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதாகத் தோன்றும் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குழுவாகச் செய்தாலும் முதல் அரை மணி நேரம் மௌனம்தான். பேச ஆரம்பித்தால் குரல் பெரியவரின் வகைப்பாடு சுவரில் ஏறிவிடும். உங்கள் அட்டையை இன்னொருவர் நகர்த்தினால் ஒருமுறை திருப்பி வைக்கலாம். மறுபடி அவர் நகர்த்தினால் அதன் நகல் ஒன்று எழுதி இரண்டு இடத்திலும் ஒட்டிவிடுங்கள். அந்த அட்டைக்கு இரண்டு பொருள் இருக்கிறது என்று அர்த்தம், அது நல்ல செய்தி.

தலைப்பை முதலில் எழுதிவிட்டு அதன் கீழே அட்டைகளைத் தேடி அடுக்குவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. "பொருளாதாரம், உடல்நலம், சமூகம், மனநலம்" என்று நான்கு தலைப்பு ஒட்டினால் உலகத்தில் எந்தத் தரவும் அதற்குள் அடங்கும். அடங்குவதால் எதுவும் புரிந்துவிடாது. குவியல் உருவான பிறகு, அதில் உள்ள அட்டைகளைச் சத்தமாக வாசித்துவிட்டு, "இவை சேர்ந்து என்ன சொல்கின்றன?" என்று கேட்டு, பதிலை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். அதுதான் தலைப்பு.

எங்கும் சேராத அட்டைகள் மிஞ்சும். "இதர" என்று ஒரு குவியல் போட்டு அவற்றைப் புதைக்காதீர்கள். தனியாகவே ஒட்டி வையுங்கள். எங்கள் எடுத்துக்காட்டில் நே-7 சொன்ன ஒரு வரி அப்படித் தனியாக நிற்கிறது: "பக்கத்து வீட்டு அம்மா பாராட்டினா மனசுக்குத் தெம்பா இருக்கும்." பாராட்டுக் குவியலில் இருப்பதெல்லாம் கசப்பு, இது மட்டும் இனிப்பு. இதை இப்போதைக்கு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குவியலில் பதினைந்துக்கு மேல் அட்டை சேர்ந்தால் பிரியுமா என்று பாருங்கள். மூன்று நாள் தள்ளி ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி வாசியுங்கள். கலைக்கும் முன் போட்டோ எடுக்க மறக்காதீர்கள். விசிறிக் காற்றுக்கு நாற்பது அட்டை விழுந்து, எது எங்கே இருந்தது என்று தெரியாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தரையில் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

6. குவியலிலிருந்து தீம் வரைபடம்

குவியல் வேறு, தீம் வேறு. குவியல் என்பது பேசப்பட்ட விஷயம். தீம் என்பது அந்த விஷயத்தைப் பற்றித் தரவு முழுவதும் ஊடுருவி நிற்கும் ஒரு கருத்து. "உறவினர்கள்" தீம் இல்லை. "பாராட்டு, வேலையைப் பங்கிடுவதற்குப் பதிலாக வருகிறது" என்பது தீமாகலாம். சோதனை எளிது: உங்கள் தீமை யாராவது மறுக்க முடியுமா? மறுக்கவே முடியாது என்றால் அது வெறும் தலைப்பு.

அமைப்புக்கு ஜெனிஃபர் ஆட்ரைட்-ஸ்டிர்லிங் 2001இல் முன்வைத்த தீம் வலை நல்ல தொடக்கம். அடியில் தரவுக்கு நெருக்கமான அடிப்படைத் தீம்கள், அவற்றைத் தொகுக்கும் இடைநிலைத் தீம், எல்லாவற்றையும் தாங்கும் ஒரு மையத் தீம் என்று மூன்று அடுக்கு. கீழிருந்து மேலே கட்டுங்கள். மையத் தீமை முதலில் எழுதிவிட்டால் கீழே உள்ளவை அதற்குச் சாட்சி சொல்ல வந்தவையாக மாறிவிடும்.

எத்தனை அட்டை இருக்கிறது என்பதை வைத்துத் தீமின் முக்கியத்துவத்தை அளக்காதீர்கள். தீம் பகுப்பாய்வு முறையை விளக்கி எழுதிய விர்ஜினியா பிரவுன், விக்டோரியா கிளார்க் இருவரும் 2006இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆய்வுக் கேள்விக்கு எதைத் திறந்து காட்டுகிறது என்பதுதான் அளவுகோல். இரண்டு பேர் மட்டும் சொன்னது சில நேரம் மற்ற பத்துப் பேரின் பேச்சை விளக்கிவிடும்.

7. கோடு இழுத்தல்

கோடு இழுப்பது சுகமான வேலை, அதனாலேயே ஆபத்தானது. வரைபடத்தில் பாதிக் கோடுகளுக்கு அர்த்தம் கேட்டால் "ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு" என்பார்கள். என்ன தொடர்பு? பதில் வராது.

கல்வி ஆய்வாளர் ஜோசப் நோவாக் உருவாக்கிய கருத்து வரைபடத்தின் விதியை இங்கே கடன் வாங்குங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் இணைப்புச் சொல் வேண்டும். இரண்டு பெட்டியையும் அந்தச் சொல்லையும் சேர்த்து வாசித்தால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். "அண்ணனின் பாராட்டு" என்று ஒரு பெட்டி, "தடுக்கிறது" என்று கோடு, "உதவி கேட்பதை" என்று இன்னொரு பெட்டி. வாசித்துப் பார்க்கலாம், வாக்கியமாக நிற்கிறது. "தொடர்புடையது", "பாதிக்கிறது" ஆகிய இரண்டு சொற்களையும் தடை செய்துவிடுங்கள். எப்படிப் பாதிக்கிறது? தூண்டுகிறதா, தள்ளிப்போடுகிறதா, மறைக்கிறதா, நியாயப்படுத்துகிறதா?

இரண்டு வகைக் கோடு போதும். பேசியவரே சொன்ன உறவுக்கு முழுக்கோடு. நீங்கள் ஊகித்த உறவுக்குப் புள்ளிக்கோடு. நே-4 "அப்படிச் சொன்ன பிறகு எப்படிக் கேக்கறது" என்று தன் வாயாலேயே சொல்லியிருப்பதால் முழுக்கோடு, அதன் மேல் முகவரி. நே-9இல் தங்கை வருகிறார், புகழ்கிறார், பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது, உதவி பற்றிய பேச்சே இல்லை. அங்கே புள்ளிக்கோடுதான். எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு மாதத்தில் உங்கள் ஊகமும் அவர்கள் சொன்னதும் உங்களுக்கே பிரித்துத் தெரியாது.

இருமுனை அம்பு வேண்டாம். அது பெரும்பாலும் சோம்பலின் அடையாளம். போவதற்கு ஒரு வினை, வருவதற்கு ஒரு வினை என்று இரண்டு அம்பாகப் போடுங்கள். ஒன்றுக்குச் சான்று இருக்கும், மற்றதற்கு இருக்காது.

இன்னொன்று: 12 பேரின் பேச்சிலிருந்து இழுத்த அம்பு, உலகத்தில் இது அதை உண்டாக்குகிறது என்று நிரூபிப்பதில்லை. இவர்கள் அதை அப்படிப் பார்க்கிறார்கள் என்று மட்டுமே காட்டுகிறது. அறிக்கையில் எழுதும்போது இந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

8. கட்ட அட்டவணை: வெற்றுக் கட்டத்தை வாசித்தல்

குவியலிலும் வலையிலும் மனிதர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவரும் படி இது. சமூக ஆய்வாளர்கள் ஜேன் ரிச்சி, லிஸ் ஸ்பென்சர் ஆகியோரின் ஃபிரேம்வொர்க் முறையில் இதுவே மையம். வரிசைக்கு ஒரு நபர், நெடுக்கைக்கு ஒரு தீம், கட்டத்துக்குள் அவர் சொன்னதன் ஒருவரிச் சுருக்கமும் முகவரியும்.

டிக் அடிக்காதீர்கள். டிக் அடித்தால் எண்ணத்தான் தோன்றும். ஒருவரிச் சுருக்கம் இருந்தால் ஒப்பிடத் தோன்றும்.

வெறும் கட்டங்களை அப்படியே விடவும் கூடாது. வெறுமை மூன்று வகை. நாம் கேட்கவே இல்லை, கேட்டும் அவர் அதைப் பேசவில்லை, அப்படி எதுவும் இல்லை என்று சொன்னார். மூன்றுக்கும் மூன்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். "யாரும் சொல்லவில்லை" என்று அறிக்கையில் எழுதிவிட்டு, பின்னால் ஒலிப்பதிவைக் கேட்டால் கேள்வியே கேட்கப்படவில்லை என்று தெரிய வருவதைவிடச் சங்கடம் கிடையாது.

அப்புறம் வரிசைகளை இடம் மாற்றிப் பாருங்கள். வயதுப்படி, எத்தனை ஆண்டாகப் பார்த்துக்கொள்கிறார் என்பதன்படி, உடன்பிறந்தவர் உண்டா இல்லையா என்பதன்படி. எடுத்துக்காட்டில் கடைசி வரிசைமாற்றத்தில்தான் விஷயம் பிடிபடுகிறது. பாராட்டு கசந்தது என்று சொன்னவர்கள் எல்லோருக்கும் உடன்பிறந்தவர் உண்டு, பாராட்டியவரும் அவரே. நே-7க்கு உடன்பிறந்தவர் இல்லை, பாராட்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். ஓரமாக வைத்த அந்தத் தனி அட்டை இப்போது பேசுகிறது. பாராட்டு உதவியைத் தடுப்பதில்லை, வேலையைப் பங்கிட வேண்டியவரிடமிருந்து வரும் பாராட்டுதான் தடுக்கிறது. தீமின் பெயரைத் திருத்துங்கள், மெமோவில் தேதி போட்டு எழுதுங்கள்.

9. காலக்கோடு

பேச்சில் முன்னும் பின்னும் தாவித் தாவிச் சொல்லப்பட்ட கதைகளுக்கு மட்டும் இது போதும். ஆளுக்கு ஒரு கோடு, மேலே நடந்த வரிசை, கீழே சொன்ன வரிசை. இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். ஒருவர் இரண்டாம் ஆண்டில் நடந்ததைப் பேச்சின் முதல் நிமிடத்தில் சொல்கிறார் என்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் அவருக்குத் தொடங்குகிறது. எல்லோரும் தேதி சொல்ல மாட்டார்கள், "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அப்புறம்" என்பார்கள். அதையே குறியுங்கள், தேதியை நீங்கள் யூகித்துப் போடாதீர்கள்.

10. சூழல் வரைபடம், நிலைப்பாட்டு வரைபடம்

இரண்டும் சமூகவியலாளர் ஏடெல் கிளார்க்கின் சூழல் பகுப்பாய்விலிருந்து வருபவை. பேசியவர்களைத் தாண்டிப் பார்க்க வேண்டியிருக்கும்போது இவைதான் சரி.

முதலில் ஒரு பெரிய தாளில் இந்தச் சூழலில் இருக்கும் எல்லாவற்றையும் ஒழுங்கில்லாமல் எழுதுங்கள். மனிதர்கள் மட்டும் போதாது. கட்டில், மாத்திரைப் பெட்டி, இரவில் எரியும் விளக்கு, அண்ணன் அழைக்கும் போன், "நல்ல பிள்ளை" என்ற எண்ணம், பேசப்படுகிறவர் ஆனால் பேசாதவர் என்று எல்லாம். நேர்காணலில் இல்லாத ஆட்களை இங்கே எழுதுவது முக்கியம். படுக்கையில் இருப்பவர் 12 நேர்காணல்களிலும் இருக்கிறார், ஒன்றிலும் பேசவில்லை.

தாளை நாலைந்து நகல் எடுங்கள். ஒரு நகலில் ஒரு பொருளை மட்டும் வட்டமிட்டு, அதிலிருந்து மற்ற ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு, அந்த உறவை எழுதுங்கள். அடுத்த நகலில் வேறொரு பொருள். ஒரே தாளில் எல்லாவற்றுக்கும் கோடு போட்டால் எதையும் வாசிக்க முடியாது, அதனால்தான் நகல். இந்தப் படத்தை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, உங்கள் கண்ணைத் திறக்க மட்டும்தான்.

நிலைப்பாட்டு வரைபடம் இரண்டு அச்சுகள் கொண்டது. கிடையச்சில் "பார்த்துக்கொள்வது என் கடமை" என்ற எண்ணம், இடமிருந்து வலமாகக் கூடுகிறது. நெட்டச்சில் "வெளியாளின் உதவி ஏற்கத்தக்கது" என்ற எண்ணம், கீழிருந்து மேலாகக் கூடுகிறது. தரவில் வரும் நிலைப்பாடுகளை இதில் வையுங்கள். ஆட்களை வைக்காதீர்கள். ஒருவரே ஒரே நேர்காணலில் இரண்டு நிலைப்பாடு எடுப்பார். ஆளை வைத்தால் ஏதோ ஒன்றை மறைக்க வேண்டியிருக்கும்.

வலது கீழே: என் கடமை, வெளியாள் வேண்டாம். வலது மேலே: என் கடமைதான், ஆனால் நான் நன்றாக இருந்தால்தானே பார்க்க முடியும், ஆள் வைக்கலாம். இடது மேலே: நான் மட்டும் ஏன், ஆள் வைப்போம். இடது கீழே காலி. என் வேலை இல்லை, வெளியாளும் கூடாது என்று யார் சொல்வார்?

கொஞ்ச நேரம் அந்த மூலையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பாராட்டிவிட்டுப் போகும் அண்ணன் நிற்கக்கூடிய இடம் அது. அவரை நாம் நேர்காணல் எடுக்கவே இல்லை. அவர் அங்கே நிற்கிறார் என்று படம் நிரூபிக்கவில்லை, அடுத்து யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்று காட்டியிருக்கிறது. அச்சுகளைத் தரவிலிருந்து எடுத்ததால்தான் இந்த வெறுமைக்கு அர்த்தம். தோன்றிய இரண்டு சொல்லை அச்சாகப் போட்டால் காலியான மூலைக்கும் அர்த்தம் இருக்காது.

11. படத்தை உடைக்க முயலுங்கள்

வலுவாகத் தோன்றும் மூன்று கோடுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு எதிரான வரிகளைத் தேடி டிரான்ஸ்கிரிப்டுகளை மறுபடி வாசியுங்கள். கிடைத்தால் கோட்டை அழிக்க வேண்டுமென்பதில்லை, எந்த நிலையில் அது பொருந்தாது என்று எழுத வேண்டும். நே-7 நமக்குச் செய்த உதவி அதுதான். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் மகிழ்ச்சிப்படும் முன், சரியாகத்தான் தேடினோமா என்று யோசியுங்கள்.

ஆய்வில் இல்லாத ஒருவரிடம் படத்தை மட்டும் கொடுத்து, விளக்கம் சொல்லாமல், என்ன புரிகிறது என்று கேளுங்கள். இடையில் குறுக்கிட்டுத் திருத்த நாக்கு துடிக்கும். பொறுங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் உங்கள் சிந்தனையில் நூல் அறுந்த இடம்.

12. அறிக்கைக்குப் போகும் படம்

வேலைக்கு வரைந்த படத்தை அப்படியே அறிக்கையில் ஒட்டாதீர்கள். அது நீங்கள் யோசித்த தடம். வாசகருக்கு வேண்டியது யோசித்து வந்து சேர்ந்த இடம். ஏழெட்டுப் பெட்டிக்கு மேல் போனால் இரண்டு படமாகப் பிரியுங்கள். வட்டத்தின் அளவு, கோட்டின் தடிமன், நிறம் ஒவ்வொன்றுக்கும் வாசகர் ஓர் அர்த்தம் தேடுவார். அர்த்தம் இல்லை என்றால் எல்லாவற்றையும் ஒரே அளவில் வையுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் முழுக்கோடும் புள்ளிக்கோடும் தெரிகிறதா என்று பாருங்கள்.

படத்தின் கீழே இரண்டு வரி விளக்கம்: எத்தனை நேர்காணலிலிருந்து வந்தது, எந்தக் கோடு எதைக் குறிக்கிறது. உரையில் ஒவ்வொரு கோட்டுக்கும் குறைந்தது ஒரு மேற்கோள் வரட்டும். மேற்கோள் கொடுக்க முடியாத கோடு படத்தில் இருக்க வேண்டியதில்லை.

அட்டைகளையும் போட்டோக்களையும் மெமோ நோட்டையும் ஆய்வு ஏற்கப்படும் வரை வைத்திருங்கள், அதன் பிறகு பங்கேற்பாளர்கள் உங்களுக்குக் கொடுத்த ஒப்புதலின்படி அழியுங்கள். மதிப்பீட்டுக் கூட்டத்தில் ஒருவர் ஓர் அம்பைக் காட்டி "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். நோட்டைத் திறந்து "நே-4, வரி 124" என்று சொல்லி அந்த வரியை வாசித்துக் காட்டுங்கள்.